மோட்டார் ஓடுது, வெள்ளம் ஏறல்ல

ஆளைக் காணோமேன்னு ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தீங்க. ஆணி கொஞ்சம் ஓவர் மக்களே. எப்பவும் சொல்ற சாக்குதான், ஆனா இந்தத் தடவ நெசமாவே ஆணி. 2025-ல பாதி வருஷம் இதுலயே போச்சு. அதுல ஒரு ஆணி எங்க வீட்டுக்குள்ளயே வந்து எங்க அம்மா கால்ல குத்திடுச்சு. அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன்.

நான் இருக்கறது பூதப்பாண்டியில. நாகர்கோவில்லேருந்து பஸ் ஏறினா அரைமணி நேரம். பூதலிங்கசாமி கோயில், பழையாறு, தலைய நிமிர்த்தினா தாடகை மலை. தோவாளை தாலுகா ஆபீசும் இங்கதான். 2020 கொரோனாவுல சென்னையிலேருந்து பொட்டியத் தூக்கிட்டு வந்தவன், அப்படியே இங்கயே உக்காந்து தட்டிட்டிருக்கேன். மாடியில ஒரு ரூம்பு, ஒரு யூபிஎஸ், மழை தூறினா போயிடற நெட்டு. இதான் நம்ம ஆபீசு.

இது ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல. தென்காசியில ஜோஹோ 2011-லயே ஆபீசு போட்டுட்டாங்க. வயக்காட்டுப் பக்கம் உக்காந்து உலகம் பூரா விக்கற மென்பொருளை எழுதுறாங்க. வாடிக்கையாளரைச் சமாளிக்கிற மென்பொருள்னு எடுத்துக்கிட்டா, நம்ம தமிழ்நாடு ஒரு தனி ராஜ்ஜியம். ஜோஹோ ஒரு பக்கம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் இன்னொரு பக்கம்.

அந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவுலேருந்து சென்னைக்கு வீடு மாத்தினப்போ அவரு டிவி உடைஞ்சு வந்துச்சு. இன்சூரன்ஸ் பணத்துக்கு அலையா அலைஞ்சும் ஒண்ணும் நடக்கல. கடைசில எல்லாரும் பாக்குற மாதிரி இணையத்துல எழுதினதுக்கு அப்புறம்தான் மன்னிப்பும் பணமும் வந்துச்சு. 2010-ல ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு அவரே பல இடத்துல சொல்லியிருக்கார். 2021-ல அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக் வரைக்கும் போச்சு. யோசிச்சுப் பாருங்க, இந்தத் தொழிலுக்கே மூலம் ஒரு மனுஷன் கத்தினது யாரு காதுலயும் விழாமப் போனதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. பேரு வேண்டாம், சோறு போடுற இடம். அவங்க வாடிக்கையாளர் மேலாண்மைத் தளத்துல, அதாங்க சிஆர்எம், அதுல ஒரு ஏஐ சேவை ஏஜென்ட்டை அமைச்சுக் குடுக்கணும். எந்தத் தளம்னும் கேக்காதீங்க. சேல்ஸ்ஃபோர்ஸ் 2024-ல ஏஜென்ட்ஃபோர்ஸ்னு ஒண்ணு விட்டதுலேருந்து எல்லாரும் கிட்டத்தட்ட அதே குழம்பைத்தான் வேற வேற சட்டியில வைக்கிறாங்க.

பொட்டி தட்டாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிஆர்எம்ங்கிறது நம்ம தெருமுக்கு பலசரக்குக் கடை அண்ணாச்சியோட பற்று நோட்டு மாதிரி. யாரு என்ன வாங்கினாங்க, எப்போ வந்து சண்டை போட்டாங்க, எல்லாம் இருக்கும். முன்னாடி வந்த பாட்டுங்க "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" ரகம். இப்போ வர்ற ஏஜென்ட் அப்படி இல்ல. நீங்க இஷ்டத்துக்கு எழுதலாம், பேசலாம். அது புரிஞ்சுக்கிட்டு (புரிஞ்ச மாதிரி) பதில் சொல்லும், புகாரும் பதியும்.

அமைக்கிறதும் கஷ்டமில்ல. எதெதைப் பத்திப் பேசலாம்னு தலைப்பு பிரிச்சுக் குடுக்கணும். புகார் பதியறது, புகார் எந்த நிலையில இருக்குன்னு சொல்றது, வாரண்டி, இந்த மாதிரி. ஒவ்வொரு தலைப்புக்கும் எப்படி நடந்துக்கணும்னு சாதாரண வாக்கியத்துல அறிவுரை எழுதணும். அப்புறம் அது என்னென்ன செய்யலாம்னு செயல்களைக் கோத்து விடணும், எந்தப் பதிவைத் தொடலாம் தொடக்கூடாதுன்னு அனுமதி குடுக்கணும். கம்பெனியோட உதவிக் கட்டுரைகளை அது படிக்கிற மாதிரி இணைக்கணும். முடியலன்னா எந்த மனுஷனுக்குக் கைமாத்தி விடணும்னு வழி போடணும். சோதனை, வாட்ஸப் இணைப்பு, முடிஞ்சுது. புது மருமகளை வேலைக்குப் பழக்குற மாதிரி. ஒரே வித்தியாசம், இது எதிர்த்துப் பேசாது. அதுதான் பிரச்சினையேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

சோதனை ஓட்டத்துல முதல் ஆளா எங்க அம்மாவைத்தான் உக்கார வச்சேன். எழுபது வயசு. போனுல மைக்கை அமுத்திப் பேசினா தமிழ்ல எழுத்தா வந்துடும், அது அவங்களுக்கு அத்துப்படி.

"மோட்டார் காத்து வாங்குது"ன்னாங்க.

ஏஜென்ட் சொல்லுச்சு: "மிக்க மகிழ்ச்சி! மோட்டாருக்கு நல்ல காற்றோட்டம் அவசியம்."

அம்மா என்னைப் பாத்தாங்க. நான் மோட்டுவளையைப் பாத்தேன். அடுத்த கேள்விக்கு "பாத வால்வைச் சரிபார்க்கவும்"னுச்சு. "யாரு பாதத்தை மக்கா?"ன்னாங்க. ஃபுட்வால்வைத்தான் அது அப்படி செந்தமிழ்ப்படுத்தி வச்சிருக்கு. சிரிச்சு முடிச்சுட்டு எல்லாத்தையும் திருத்தினேன். தமிழ்க் கட்டுரைகள்ல ஃபுட்வால்வு, கண்டென்சர், ஸ்டார்ட்டர், காயில்னு மெக்கானிக்கு சொல்ற வார்த்தையையே போட்டேன். கம்பெனிக்காரங்க பாத்துட்டு கை தட்டினாங்க. ரெண்டு வாரம் வெள்ளோட்டம், நெசமான வாடிக்கையாளரோட.

அறிக்கைப் பலகை பூரா பச்சை. எத்தன உரையாடல் மனுஷங்ககிட்ட போகாமலே முடிஞ்சுதோ அத்தனையும் "தீர்வு கண்டது"ன்னு கணக்கு. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

இங்கதான் ஆணி குத்துச்சு.

எங்க வீட்டுல இருக்கறதும் அதே கம்பெனி மோட்டார்தான். வாங்கி ஏழு மாசம். ஒரு நாள் கீழ எறங்கி வந்தா, தெரிஞ்ச மெக்கானிக்கு அண்ணன் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கார். சீல் போயிருக்கு, அது வழியா காத்து இழுக்குது, 850 ரூபான்னார். எனக்குத் திக்குன்னு ஆச்சு. ஒரு வருஷம் வாரண்டி இருக்கு, வெளி ஆள் பிரிச்சா அதுவும் போச்சு.

"ஏம்மா, கம்பெனிக்குச் சொல்லலையா? நான்தானே அந்த நம்பரு குடுத்தேன்?"

"சொன்னேனே. அவன் முடியாதுன்னு சொல்லிட்டான் மக்கா."

போனை வாங்கிப் பாத்தேன். அம்மா கேட்டது ஒரே வரி: "மோட்டார் ஓடுது, வெள்ளம் ஏறல்ல."

பதில்: "வெள்ளத்தால் தங்கள் மோட்டார் பாதிக்கப்பட்டதை அறிந்து வருந்துகிறோம். உடனடியாக மின் இணைப்பைத் துண்டிக்கவும். வெள்ளச் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது. கட்டணச் சேவைக்கு அருகிலுள்ள விற்பனையாளரை அணுகவும். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

வெளியூர் மக்களுக்கு: எங்க பக்கம் வெள்ளம்னா தண்ணி. குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாமே வெள்ளந்தான். மலையாளத்துக்கும் அதேதான். விருந்தாளி வந்தா "வெள்ளம் வேணுமா"ன்னு கேப்போம், பயந்து ஓடிராதீங்க.

"எழுத்துல வந்துட்டே மக்கா, பொறவு என்னத்த பேச?"ன்னாங்க அம்மா. கோவம்கூட இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆள் போனுல முடியாதுன்னு சொல்லியிருந்தா அம்மா ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாங்க. அச்சடிச்ச மாதிரி வந்ததும் அது சட்டம்னு நெனச்சுட்டாங்க.

மாடிக்குப் போயி பலகையைத் திறந்து அந்த உரையாடலைத் தேடினேன். பச்சை. "தீர்வு கண்டது." அம்மா திரும்பப் பேசல, அதனால அவங்க பிரச்சினை தீந்துடுச்சாம். பதிவுகள்ல "வெள்ளம்"னு தேடினேன். இன்னும் நாலு. நாலுமே பச்சை. நாலுல ஒருத்தர்தான் நெசமாவே மழை வெள்ளத்தைச் சொல்லியிருந்தார்.

ஏன் இப்படின்னு தோண்டினா சங்கதி சுலபம். இந்த ஏஜென்ட்டுக்கு கம்பெனி விதி எதுவும் தெரியாது. கேள்வியோட நெருக்கமா இருக்கிற கட்டுரைத் துண்டுகளைத் தேடி எடுக்கும், அதை வச்சு சரளமா ஒரு பதில் எழுதும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து சென்னை முங்கினப்போ யாரோ வெள்ளச் சேதம் பத்தி ஒரு கட்டுரை எழுதி வச்சிருக்காங்க. அம்மா "வெள்ளம்"னதும் அது போயி அதைப் புடிச்சுக்கிட்டு வந்துடுச்சு. கட்டுரை தப்பில்ல, அம்மா சொன்னதும் தப்பில்ல. நடுவுல ரெண்டையும் முடிச்சுப் போட்டதுதான் தப்பு. முடிச்சுப் போட விட்டது நான்.

அம்மாவுக்கு நஷ்டம் 850 ரூபா. இதையே கொஞ்சம் பெருசாக்கிப் பாத்தா ஏர் கனடா கதை. 2022-ல பாட்டி செத்துப்போன ஒருத்தர் டிக்கெட் எடுக்கிறார். துக்கக் கட்டணச் சலுகைக்கு அப்புறமா விண்ணப்பிச்சுக்கலாம்னு அவங்க தளத்துல இருந்த பாட்டு சொல்லுது. விதிப்படி அப்படிக் கிடையாதுன்னு கம்பெனி கையை விரிச்சுடுச்சு. வழக்குல அவங்க வாதம் இருக்கே, அந்த பாட்டு ஒரு தனி ஆளு மாதிரி, அது சொன்னதுக்கு அதுவே பொறுப்புங்கிற தொனியில! 2024 பிப்ரவரியில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதெல்லாம் செல்லாது, உன் தளத்துல என்ன வந்தாலும் நீதான் பொறுப்புன்னு சொல்லி, வட்டியும் கட்டணமும் சேத்து சுமார் 812 கனடா டாலர் குடுக்க வச்சுது.

அங்க மெஷின் தப்பா "ஆமா" சொல்லுச்சு. இங்க தப்பா "முடியாது" சொல்லுச்சு. தப்பான ஆமாவுக்கு வழக்கு வரும், பேப்பர்ல வரும். தப்பான முடியாதுக்கு ஒண்ணும் வராது. ஒரு எழுபது வயசு அம்மா போனை வச்சுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க, அவ்வளவுதான். பலகையில பச்சை.

அடுத்த நாள் அந்தக் கம்பெனியோட வாடிக்கையாளர் பிரிவுக்குப் போன் போட்டேன். அதுவரைக்கும் மேலாளருங்ககிட்டதான் பேசியிருக்கேன். போனை எடுக்கிற ஆளுங்ககிட்ட பேசினதே இல்லங்கிறது அப்போதான் ஒறைச்சுது. ஒரு அக்கா பேசினாங்க. பதினாலு வருஷமா அந்த நாற்காலி.

விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டாங்க. "ஏனுங்க தம்பி, நாகர்கோயில் பக்கத்து ஆளுங்க வெள்ளம்னா தண்ணிங்க. மொத வருசம் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அப்பறம் 04652-ன்னு நம்பரு வந்தாலே வெள்ளம்னா தண்ணின்னு எடுத்துக்குவேன்."

இது எந்தக் கட்டுரையிலயும் இல்ல. அந்த அக்கா தலைக்குள்ள இருந்துச்சு.

அப்படியே ஒரு வாரம் தினமும் சாயங்காலம் பேசினோம். மொதல்ல "பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்குங்களா"ன்னு கேப்பாங்களாம். பாதிப் புகார் அங்கயே முடிஞ்சுடும். அடுத்து, மோட்டார் சுத்துற சத்தம் கேக்குதா, இல்ல உம்முனு மட்டும் நிக்குதா? உம்முனு நின்னா பெரும்பாலும் கண்டென்சர். ஓடியும் தண்ணி ஏறலன்னா காத்து எங்கயோ உள்ள போகுது, இல்லன்னா ஃபுட்வால்வு. சித்திரை மாசம்னா கெணத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாக்கச் சொல்லணும். அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. "ஷாக் அடிக்குதுன்னு யாரும் நேரா சொல்ல மாட்டாங்க தம்பி. தொட்டா சுர்ருங்குது, கை மரத்துப் போகுதுன்னு சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா வேற ஒண்ணுமே கேக்கப்படாது. மெயினை அமத்துங்க, பக்கத்துல போகாதீங்கன்னு சொல்லி ஆளை அனுப்பிரோணும்."

என் ஏஜென்ட் அதுவரைக்கும் "சுர்ருங்குது"வுக்கு என்ன பதில் சொல்லியிருக்கும்னு சோதிச்சுப் பாத்தேன். சத்தத்தைப் பத்தின கட்டுரையை எடுத்துக் குடுத்துச்சு.

ஆறாவது நாளோ என்னமோ, பேசிட்டே இருந்தவங்க நிறுத்திட்டுக் கேட்டாங்க: "எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்குங்க தம்பி?"

பதில் சொல்லத் தெரியல. ஏதோ மழுப்பினேன். ஏன்னா ஆரம்பத்துல கம்பெனிக்கு நான் காட்டின ஸ்லைடுல "ஆள் தேவை குறையும்"னு ஒரு வரி இருந்துச்சு. அதை டைப் பண்ணது இந்த விரலுங்கதான். பூதப்பாண்டி ஜீவா பொறந்த ஊரு. தொழிலாளிக்காக வாழ்ந்த மனுஷன். அவரு பேரைக் கேட்டு வளந்த தெருவுல உக்காந்துதான் அந்த வரிய எழுதியிருக்கேன்.

அப்புறம் மேலாளருங்ககிட்ட உக்காந்து பேசினேன். கொஞ்சம் சண்டைன்னே வச்சுக்குங்க. மாத்தினது இதெல்லாம். பொட்டி தட்டுற மக்கள் குறிச்சுக்குங்க:

1. வாரண்டி உண்டு இல்லங்கிறதை ஏஜென்ட் கட்டுரை படிச்சு முடிவு பண்ணக் கூடாது. சீரியல் நம்பரை வாங்கி, பதிவுல இருக்கிற விற்பனைத் தேதியைப் பாத்து, அதைச் சொல்லலாம். அவ்வளவுதான்.

2. "முடியாது"ங்கிற வார்த்தை மனுஷன் வாயிலேருந்துதான் வரணும். மறுக்கிற மாதிரி வந்தா உடனே ஆள்கிட்ட கைமாத்தணும், அதுவரைக்கும் நடந்த பேச்சோட சேத்து. வாடிக்கையாளர் மறுபடி முதல்லேருந்து கதை சொல்லக் கூடாது.

3. சுர்ருங்குது, கருகுற வாசனை, பொகை. இதுல எது வந்தாலும் கேள்வி கிடையாது. மெயினை அமத்தச் சொல்லு, ஆளை அனுப்பு.

4. பதில் வராம முடிஞ்ச உரையாடல் பச்சை கிடையாது. மூணு நாள் கழிச்சு "மோட்டார் சரியாச்சுங்களா"ன்னு கேக்கணும். ஆமான்னு வந்தாதான் பச்சை.

5. வட்டார வார்த்தைப் பட்டியல் ஒண்ணு. இதை எழுதறதும் மாசாமாசம் திருத்துறதும் அந்த அக்கா வேலை, சம்பளத்தோட.

நாலாவதைச் செஞ்சதும் பலகையில பச்சை மளமளன்னு கொறைஞ்சுது. மேலாளரு மொகமும் வாடிப்போச்சு. "உங்க ஏஜென்ட் மோசமாயிடுச்சே"ன்னார். "இல்ல சார், இப்பத்தான் உண்மையைச் சொல்லுது"ன்னேன். (மனசுக்குள்ள ரஜினி மியூசிக்.)

இதோட சுபம் போட்டு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பிரிவுல அஞ்சு பேரு இருந்தாங்க. வருஷக் கடைசியில ரெண்டு பேரோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. அந்த அக்கா இருக்காங்க. அந்த ரெண்டு பேருகிட்ட நான் ஒரு நாளும் பேசினதில்ல. அவங்க தலைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இனிமே கேக்கவும் முடியாது.

கிளார்னான்னு ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒண்ணு, 2024-ல எங்க ஏஐ உதவியாளர் எழுநூறு பேரோட வேலையைப் பாக்குதுன்னு உலகம் பூரா தம்பட்டம் அடிச்சாங்க. 2025-ல தரம் கொறைஞ்சுடுச்சுன்னு அவங்க தலைவரே ஒத்துக்கிட்டு, வாடிக்கையாளர் சேவைக்கு மனுஷங்களைத் திரும்ப எடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க கம்பெனியும் திரும்ப எடுக்குமான்னா, சொல்லத் தெரியல. போன பத்து நாளா அந்த ஸ்லைடு வரியை என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். அடுத்த கம்பெனிக்கு அதே ஸ்லைடைத்தான் காட்டணும்.

திருத்தினதுக்கு அப்புறம் அம்மாவை மறுபடி உக்கார வச்சேன். "நான் மாட்டேன், அவன் ஒரு மாதிரி"ன்னாங்க. கெஞ்சி மைக்கைக் குடுத்தேன்.

"மோட்டார் ஓடுது, வெள்ளம் ஏறல்ல."

"தண்ணி ஏறலைங்களா? மோட்டார் சுத்துற சத்தம் கேக்குதுங்களா, இல்ல உம்முனு மட்டும் இருக்குதுங்களா?"

அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு அதை ரெண்டு தடவ படிச்சாங்க. "இது யாரு மக்கா? ஒரு பொம்பள மாதிரில்லா கேக்கா."

"கோயம்புத்தூர்ல ஒரு அக்கா இருக்காங்கம்மா. அவங்க சொல்லிக் குடுத்தது."

"அவளுக்கு சம்பளம் உண்டுல்லா?"

"உண்டும்மா."

"அப்ப சரி"ன்னு சொல்லிட்டு, பழைய 850 ரூபாயை ஞாபகப்படுத்தினாங்க. அதை நான்தான் குடுத்தேன். மத்த ரெண்டு பேரைப் பத்தி அம்மா கேக்கல. நானும் சொல்லல.